மெஸ்கீட் கட்டைல ரைஃபிள் ஸ்டாக் (துப்பாக்கியோட மரக்கட்டை) பண்ணலாமா? யாராச்சும் பண்ணிருக்கீங்களா?

சான்அன்டோனியோ_காரன்:

வணக்கம் மக்களே. என்கிட்ட ஒரு பழைய ரெமிங்டன் 700 ரைஃபிள் இருக்கு, .30-06 தோட்டா போடுறது. பேரல், ஆக்‌ஷன் (தோட்டா போட்டு சுடுற பொறி) எல்லாம் அருமையா இருக்கு, ஆனா ஸ்டாக் கிரிப்புக்குப் பக்கத்துல விரிசல் விட்டுருச்சு. பிளாஸ்டிக் ஸ்டாக் வாங்கி மாட்டிடுன்னு கடைல சொல்றாங்க, அதுல எனக்கு இஷ்டமே இல்ல. கையில எடுத்தா மரமா இருக்கணும்.

இப்ப விஷயம் என்னன்னா, டெக்சாஸ்ல உவால்டே பக்கம் நாங்க மான் வேட்டைக்குப் போற பண்ணைல ஓனர் மேய்ச்சல் நிலத்தை சுத்தம் பண்ண புல்டோசர் விட்டு மெஸ்கீட் மரத்தையெல்லாம் வேரோட தள்ளிக்கிட்டு இருக்கார். அதுல ஓடைக்கரைல நின்ன ஒரு பழைய மரம், அடித்தண்டு குறுக்களவு 20 இன்ச் இருக்கும், நாலடிக்கு மேல நேரா போயி அப்புறம்தான் கிளை பிரியுது. மெஸ்கீட்ல இப்படி ஒரு தண்டை நான் பாத்ததே இல்ல. அதை பார்பிக்யூ விறகுக்கு அறுக்கப் போறாங்கன்னு சொன்னதும் மனசு கேக்கல, எனக்கு வேணும்னு சொல்லி வச்சிருக்கேன்.

இந்த மரம் .30-06 உதைய தாங்குமா? ரொம்ப கனமாயிருமா? எப்படி அறுக்கணும், எவ்ளோ நாள் காய வைக்கணும்? வால்நட் மரத்துலதான் பண்ணணும்னு நிறைய பேர் சொல்றாங்க, ஆனா அதுக்குக் காரணம் கேட்டா யாரும் தெளிவா சொல்லல. மரவேலை தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இழைப்புளி:

தம்பி, முதல்ல ஒண்ணு பண்ணுங்க, இன்னைக்கே ஓனர்கிட்ட சொல்லி அந்தத் தண்டோட ரெண்டு முனைலயும் மெழுகோ, கெட்டியான பெயின்டோ அடிக்கச் சொல்லுங்க. அதுதான் அவசரம், மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். எந்த மரமா இருந்தாலும் முனை வழியாத்தான் ஈரம் வேகமா வெளிய போகும், அங்கதான் மொதல்ல வெடிக்கும், டெக்சாஸ் வெயில்ல ஒரு வாரம் சும்மா கெடந்தா கூட விரிசல் உள்ள ஏறிரும்.

மரம் பத்தி சொல்லணும்னா, நான் இங்க ஹில் கன்ட்ரில மெஸ்கீட்ல மேசை, பெஞ்ச் எல்லாம் பண்றவன், கூடவே ஸ்டாக்கும் செதுக்குறேன். அமெரிக்கால கிடைக்குற மரங்கள்ல இந்த அளவுக்கு நிலையா நிக்குற மரம் ரொம்பக் கம்மி, இதை நான் அடிச்சு சொல்வேன். பச்சை மரம் சுத்தமா காயுற வரைக்கும் கருப்பு வால்நட் கொள்ளளவுல 12.8 சதவீதம் சுருங்கும், மெஸ்கீட் சுமார் 5 சதவீதம்தான். ரைஃபிளுக்கு இது ஏன் முக்கியம்னா, ஸ்டாக் மழைலயும் பனிலயும் ஈரத்தை இழுத்து உப்பும், வெயில்ல சுருங்கும், அப்படி ஆகும்போது ஃபோர்எண்ட் (பேரலுக்கு அடியில வர்ற முன்பக்கக் கட்டை) லேசா கோணி பேரலைத் தொட்டாலே போதும், குண்டு விழுற இடம் மாறிரும். போன சீசன்ல கரெக்டா அடிச்ச துப்பாக்கி இந்த சீசன்ல தள்ளி அடிக்குதுன்னு நிறைய பேர் புலம்புறதுக்கு இதான் காரணம். மெஸ்கீட் அந்த வேலைய ரொம்பக் கம்மியாத்தான் காட்டும்.

கடினம்னு பாத்தா, ஜாங்கா அளவுல வால்நட் 1010, நம்ம ஊரு மெஸ்கீட் 2300க்கு மேல, அதாவது ரெண்டு மடங்குக்கும் ஜாஸ்தி. ரீகாயில் லக், அதாவது பேரலோட பின்முனைக்கு அடியில நீட்டிக்கிட்டு உதைய மரத்துக்குக் கடத்துற இரும்புத் துண்டு, பின்னால போயி அழுத்துற இடத்துல மரம் நசுங்காது. அதனால உதை தாங்குமாங்குற கேள்விக்கு, மரம் தாங்கும், தண்டுல குறை இல்லாம இருந்தா.

அந்த "குறை இல்லாம" தான் மொத்தப் பிரச்சினையும். மெஸ்கீட் வளர்றதே கோணல் மாணலா, காத்துல ஆடி, வறட்சில காஞ்சு, ஒரு வருஷம் வளந்து ஒரு வருஷம் நின்னு. உள்ள வளையத்துக்கும் வளையத்துக்கும் நடுவுல பிரிஞ்சு நிக்குற வெடிப்பு இருக்கும், பட்டை உள்ள மடிஞ்சு போயிருக்கும், வண்டு துளைச்ச ஓட்டை இருக்கும். மேசைல இதெல்லாம் அழகு, ஓட்டைல டர்க்காய்ஸ் கல் பொடிய எபாக்சில கலந்து ஊத்தி விக்குறோம், வாங்குறவங்களும் ஆசையா வாங்குறாங்க. ஸ்டாக்ல, அதுவும் கிரிப்ல, ஒரு மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அந்தக் கட்டைய எடுத்து வச்சிருங்க. ரைஃபிள் ஸ்டாக்லயே ஒல்லியான இடம் அதான், உதை முழுசும் அது வழியாத்தான் தோளுக்கு வருது. உங்க பழைய ஸ்டாக்கும் அங்கதான் விட்டிருக்கு பாருங்க.

அறுக்குறதுக்கு: நம்மகிட்ட நாலடி நேர் தண்டு இருக்குறது பெரிய விஷயம், ஸ்டாக்குக்கு 36 இன்ச் நீளம் வேணும். நடுமையம் வழியா ரெண்டா பிளந்து, மையத்தை ஒட்டி ஒரு இன்ச் கழிச்சுடுங்க, மையம் உள்ள இருந்தா கண்டிப்பா வெடிக்கும். அப்புறம் மையத்துக்கு ரெண்டு பக்கமும் மூணு இன்ச் தடிமன்ல பலகை எடுங்க. காஞ்சு இழைச்சதும் ரெண்டரை இன்ச் நிக்கணும். பட், அதாவது தோள்ல வைக்குற பக்கம், எட்டு இன்ச் அகலம் இருக்கட்டும். தயவு செஞ்சு செயின்சால அறுக்காதீங்க, கொண்டுபோய் பேண்ட்சா மில்லுல அறுங்க, அதுக்கு முன்னாடி பட்டைய உரிச்சுடுங்க, மெஸ்கீட் பட்டைல மணல் ஏறிக் கெடக்கும், பிளேடு மழுங்கிரும்னு மில்காரர் உங்களைத் திட்டுவார்.

மான்கொம்பு:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், இழைப்புளி அண்ணே கோவிச்சுக்காதீங்க. மரம் நல்ல மரம், ஒத்துக்குறேன். ஆனா தூக்கிட்டு நடக்குறது நாமதானே. காஞ்ச வால்நட் கன அடிக்கு 38 பவுண்டு, மெஸ்கீட் 50 பவுண்டு கிட்ட. சாதாரண வால்நட் ஸ்டாக் ரெண்டே கால், ரெண்டரை பவுண்டு இருக்கும்னா அதே அளவு மெஸ்கீட்ல மூணு பவுண்டத் தாண்டும். 700 .30-06 ஸ்கோப் இல்லாமலே ஏழரை பவுண்டு கிட்ட, மெஸ்கீட் போட்டா எட்டே கால், அதுக்கு மேல ஸ்கோப், ஸ்லிங், தோட்டா. கொலராடோல எல்க் மான் வேட்டைக்கு மலை ஏறுறவன் இதை எடுத்துட்டுப் போனா ரெண்டாவது நாளே வெறுத்துருவான்.

நீங்க உவால்டேல மேடைல உக்காந்து அடிக்கப் போறீங்கன்னா பரவால்ல, கனம் கூடுனா உதை குறையும், துப்பாக்கி கனம் பத்து சதவீதம் கூடுனா உதையோட சக்தி கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும், அது நெசமாவே தோள்ல தெரியும். .30-06க்கு அது ஒரு வரம்தான்.

இன்னொண்ணு, லென்த் ஆஃப் புல், அதாவது ட்ரிகர்லேர்ந்து பட் முனை வரைக்கும் உள்ள நீளம். கடைல வர்றது 13.5 இன்ச் சுத்தி இருக்கும், நம்மாளுங்க நிறைய பேருக்கு அது நீளம், அதுவும் குளிருக்கு ஜாக்கெட் போட்டா பட் கக்கத்துல மாட்டும். எப்படியும் புதுசா செதுக்குறீங்க, உங்க கைக்கு அளந்து 13க்கு இறக்கிக்கோங்க. கஸ்டம் ஸ்டாக்கோட முக்கால்வாசி பலனே இதுலதான் இருக்கு, மர அழகு எல்லாம் அப்புறம்.

பொதுவா படிக்குறவங்களுக்காக ஒரு வார்த்தை, ஏன்னா நம்மாளுங்க நிறைய பேர் எச்1பி வேலை விசால இருக்கீங்க. அந்த விசால இருக்குறவங்க துப்பாக்கி கையில வச்சிருக்கவே ஃபெடரல் சட்டத்துல தடை இருக்கு, செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் இருந்தா அது விதிவிலக்கு. டெக்சாஸ்ல தனியார் நிலத்துல காட்டுப்பன்னி அடிக்க ஓனர் சம்மதம் இருந்தா போதும், லைசென்ஸ் வேணாம்னு 2019ல மாத்திட்டாங்க, அதை நம்பி லைசென்ஸ் எடுக்காம விட்டுறாதீங்க, பன்னிக்கு வேணாம் ஆனா உங்க விசாவுக்கு வேணும். கிரீன் கார்டு இருந்தா இந்தப் பிரச்சினை இல்ல.

முதுகுளத்தூர்:

அண்ணே, மெஸ்கீட் போட்டோ தேடிப் பாத்தா எங்க ஊரு சீமைக்கருவேலம் மாதிரியே இருக்கே? அதே இலை, அதே முள்ளு. எங்க பக்கம் கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் இதான், மூட்டம் போட்டு கரியாக்கி லாரில ஏத்துவாங்க. இதுல துப்பாக்கிக் கட்டை பண்ணலாம்னு இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன். என்கிட்ட ஒரு .177 ஏர் ரைஃபிள் இருக்கு, அதோட கட்டை ஏதோ மட்டமான மரம், உளுத்துப் போச்சு. சீமைக்கருவேலத்துல பண்ணலாமா?

இழைப்புளி:

முதுகுளத்தூர் தம்பி, ரெண்டும் ஒரே குடும்பம், அண்ணன் தம்பி மரம். டெக்சாஸ்ல ஜாஸ்தியா இருக்குறது ஹனி மெஸ்கீட், அரிசோனாப் பக்கம் வெல்வெட் மெஸ்கீட், நம்ம ராம்நாடு பக்கம் காடா மண்டிக் கெடக்குறது ஜூலிஃப்ளோரா. அர்ஜென்டினால இதே இனத்து மரத்தை அல்கரோபோன்னு சொல்லி கதவு, ஜன்னல், தரைப்பலகைன்னு போட்டு அழகா வாழ்றாங்க. வைரம் பாஞ்ச ஜூலிஃப்ளோராவும் நல்ல கனமான, கெட்டியான கட்டைதான்.

ஆனா கரிக்காக சில வருஷத்துக்கு ஒரு தடவை அடியோட வெட்டி, திரும்பத் தழைய விட்டு, திரும்ப வெட்டுறதால அங்க மரம் புதரா நிக்குது, ஒரு அடித்தண்டு தடிக்கவே நேரம் கெடைக்குறதில்ல. அதனால மூட்டத்துக்குப் போற குச்சில தேடாதீங்க. யாரும் வெட்டாம விட்ட பழைய மரம் கண்மாய்க் கரைல, வீட்டுக் கொல்லைல எங்கயாச்சும் நிக்கும், அதுல குறுக்களவு ஒரு அடி தாண்டுனதா பாருங்க. ஏர் ரைஃபிளுக்கு .30-06 அளவுக்கு உதை கெடையாது, அதனால சின்னக் குறை இருந்தாலும் சமாளிக்கலாம். ஆனா ஸ்பிரிங் வகைன்னா முன்னும் பின்னுமா அதிரும், ஆணி லூசாகும், கிரிப்பும் ஆணி போற இடமும் மட்டும் சுத்தமா இருக்கணும். வெளிறு பூரா செதுக்கித் தள்ளிருங்க, வண்டு உக்கார்றது அதுலதான். ஊர்ல இருக்குற நல்ல ஆசாரி யார்கிட்டயாச்சும் பலகையக் காட்டுங்க, தட்டிப் பாத்தே சொல்லிருவார்.

மான்கொம்பு, கோவமே இல்ல, கனம் பத்தி நீங்க சொன்னது சரி. பட் உள்ள ரீகாயில் பேட் (தோள்ல படுற ரப்பர்) மறைக்குற எடத்துல ரெண்டு நீளத் துளை போட்டு கால் பவுண்டு கிட்ட எறக்கலாம், ஃபோர்எண்ட்ல பேரல் பள்ளத்துக்கு அடியிலயும் குடையலாம். பின்னாலயும் முன்னாலயும் சரிசமமா எடுக்கணும், இல்லன்னா துப்பாக்கி முன்னாடி தொங்கும். ஆனா மலைக்குப் போறவங்களுக்கு மெஸ்கீட் வேண்டாம்னுதான் நானும் சொல்வேன்.

வால்நட் மட்டும்தான்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. ராய் வெதர்பிங்குற துப்பாக்கி தயாரிப்பாளர் 1945ல கலிஃபோர்னியா சவுத் கேட்ல ஆரம்பிச்ச காலத்துக் கஸ்டம் ரைஃபிள்கள்லயே மெஸ்கீட் ஸ்டாக் போட்டது இருக்கு, இன்னைக்கும் ஏலத்துக்கு வருது. அவர் துப்பாக்கி எல்லாம் அதிவேகத் தோட்டா, உதை கம்மி கெடையாது. வால்நட் கனத்துக்கும் பலத்துக்கும் நடுவுல ஒரு நல்ல எடத்துல நிக்குது, செதுக்க சுலபம், நீளமான சுத்தமான கட்டை வேணுங்குற அளவு கெடைக்கும், அதனாலதான் உலகமே அதைப் புடிச்சுக்கிச்சு. அதுக்காக மத்த மரம் ஆகாதுன்னு அர்த்தம் இல்ல.

சான்அன்டோனியோ_காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா சொல்வீங்கன்னு எதிர்பாக்கல. அன்னைக்கே முனைல மெழுகு அடிச்சாச்சு, பட்டை உரிச்சு மில்லுல கொடுத்து அறுத்தும் ஆச்சு. மையத்தை ஒட்டி ரெண்டு பலகை நல்லா வந்திருக்கு. அறுத்தப்போ உள்ள மஞ்சள் கலந்த பழுப்பா இருந்துச்சு, ஷெட்ல வச்ச கொஞ்ச நாள்லயே செவக்க ஆரம்பிச்சிருச்சு, பாக்கப் பாக்க ஆசையா இருக்கு.

ஒரு பலகைல பட் முனைல பட்டை உள்ள மடிஞ்சு ஒரு கருப்புக் கோடு அஞ்சு இன்ச்சுக்கு ஓடுது. கிரிப் வர்ற இடம் கண்ணுக்கு சுத்தமா இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியாத வெடிப்ப எப்படிக் கண்டுபிடிக்குறது? ஃபோர்எண்ட் முனைல பழைய கிளை ஒண்ணு இருந்த இடத்துல ரேகை சுழிச்சுக்கிட்டு போகுது. இன்னொரு பலகை ரேகை நேரா இருக்கு ஆனா பாக்க சாதாரணமா இருக்கு. எதை எடுக்குறது? காய வைக்குறதுக்கு கில்ன் (சூடு காட்டி மரம் காய வைக்குற அறை) போகணுமா?

இழைப்புளி:

கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்கு ஒரு வழி சொல்றேன், இதை மட்டும் யாரும் விட்டுறாதீங்க. பலகைய ஒரு தடவை இழைச்சுட்டு, வெளிச்சத்துல வச்சு மினரல் ஸ்பிரிட்ஸ் (பெயின்ட் கரைக்குற திரவம்) தொட்ட துணியால தொடைங்க. பலகை முகம் முழுக்க நனஞ்சு கருக்கும், நகராம பக்கத்துலயே நின்னு பாருங்க, கொஞ்ச நேரத்துல காஞ்சு வெளுக்கும். வெடிப்பு இருக்குற எடத்துல மட்டும் அது உள்ள எறங்கி இருக்கும், மத்த எடமெல்லாம் காஞ்ச பிறகும் ஒரு மெல்லிசான கருப்புக் கோடா அது மட்டும் நிக்கும். ரெண்டு பக்கமும், ஓரத்துலயும் பண்ணுங்க. கிரிப்ல அப்படி ஒரு கோடு நின்னா அந்தப் பலகைல கத்திப்பிடி பண்ணிக்கலாம், ஸ்டாக் வேண்டாம்.

கிரிப் தேறுச்சுன்னா நான் அந்த சுழி இருக்குற பலகையத்தான் எடுப்பேன். பட்ல இருக்குற பட்டைக் கோடு பலத்துக்கு பாதகம் இல்ல, தளர்ந்த பட்டையச் சுரண்டி எடுத்துட்டு கருப்பு எபாக்சி ஊத்தி நெரப்பிரலாம். ஃபோர்எண்ட் சுழிதான் சிக்கல், சுழிச்ச ரேகை ஒரு பக்கமா இழுக்கும். அந்த முனைய மூணு இன்ச் வெட்டிட்டு எபனி மாதிரி கருப்பு மரத்துல ஒரு முனைத் துண்டு ஒட்டிருங்க, உள்ள மர ஆணி வச்சு எபாக்சி போட்டு. பழைய வெதர்பில எல்லாம் அப்படித்தான் இருக்கும், செவப்புக்கும் கருப்புக்கும் அழகாவும் இருக்கும், சுழியும் போயிரும். ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் தகட்டுல ஸ்டாக் வடிவத்தை வெட்டி பலகை மேல வச்சு அங்க இங்க நகத்திப் பாருங்க, பக்கவாட்டுல பாக்கும்போது ரேகை கிரிப் நீளவாக்குல ஓடணும், குறுக்க வெட்டி வெளிய போச்சுன்னா இன்னும் கொஞ்சம் சாச்சு வைங்க. இதுக்கு ஒரு முழு சாயங்காலம் செலவு பண்ணாலும் தப்பில்ல.

காய வைக்குறதுக்கு, ஒரு இன்ச்சுக்கு ஒரு வருஷம்னு பொதுக் கணக்கு, ஆனா நாள எண்ணாதீங்க. மாசத்துக்கு ஒரு தடவை தராசுல வச்சு எடை எழுதி வைங்க, எடை எறங்குறது நின்னாத்தான் காஞ்சதா அர்த்தம். ஈரம் 8 சதவீதம் பக்கம் வரணும். வண்டுக்கு பயந்தீங்கன்னா கடைசில கில்ன்ல வைக்கலாம், கட்டையோட நடுவுல 56 டிகிரி செல்சியஸ் சூடு அரை மணி நேரம் நின்னா புழு, முட்டை எல்லாம் போயிரும்.

மான்கொம்பு:

அண்ணே, அந்த எபனி முனை ஐடியா சூப்பர். நான் சொன்ன கனத்தையும் மனசுல வச்சுக்கோங்க, எபனியும் கனம்தான், துண்ட சின்னதா வைங்க. செக்கரிங் (பிடி வழுக்காம இருக்க செதுக்குற குறுக்குக் கோடு) வெட்டுவீங்களா? மெஸ்கீட்ல செதில் செதிலா பேத்துக்கும்னு கேள்விப்பட்டேன்.

இழைப்புளி:

ரேகை நேரா இருக்குற எடத்துல சுத்தமா வெட்டும், மரம் கெட்டி, செதுக்குன வைர வடிவ முனை நல்லா நிக்கும். ரேகை புரண்டு வர்ற எடத்துலயும், துவாரம் பெருசா இருக்குற எடத்துலயும்தான் பேத்துக்கும். அதனால இன்ச்சுக்கு 18லிருந்து 20 கோடு வரைக்கும் வைங்க, 24க்கெல்லாம் போகாதீங்க, கருவி புதுசா கூரா இருக்கட்டும்.

தம்பி, ஆக்‌ஷன் உக்கார வைக்கும்போது மூணு விஷயம். ரெண்டு திருகாணிக்கும் அலுமினிய பில்லர் (சின்னக் குழாய்) வச்சு, லக்கு பின்னால எபாக்சி பெட்டிங் (இரும்பு அசையாம உக்கார எபாக்சி மெத்தை) போடுங்க. டேங், அதாவது பொறியோட பின்பக்க நாக்கு, அதோட முனைக்குப் பின்னால ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற அளவு இடைவெளி விடுங்க, அது மரத்தைத் தொட்டா ஒவ்வொரு தடவை சுடும்போதும் ஆப்பு அடிச்ச மாதிரி கிரிப்பைப் பிளக்கும், உங்க பழைய ஸ்டாக்கக் கழட்டி டேங் பின்னால பளபளன்னு அழுந்தின தடம் இருக்கான்னு பாருங்க, விரிசலுக்குக் காரணம் தெரிஞ்சிரும். பேரல் ஃபோர்எண்ட் முழுக்க எங்கயும் தொடாம இருக்கணும்.

இழைக்கும்போது நல்ல மாஸ்க் போடுங்க, மெஸ்கீட் தூள் சில பேருக்கு மூக்கு, தோல் ரெண்டுலயும் அரிப்பு குடுக்கும். சாயம் எதுவும் வேண்டாம், வெளிச்சம் பட்டு அதுவே கருஞ்செவப்பா மாறிரும். காய்ச்சுன ஆளிவிதை எண்ணெயோ ட்ரூ ஆயிலோ (ஸ்டாக்குக்குப் பூசுற எண்ணெய்) தொட்டு 320 உப்புத்தாளால ஈரத்தோடவே தேய்ங்க, அந்தத் தூளும் எண்ணெயும் குழைஞ்ச சேறு துவாரத்துல போயி அடைச்சுக்கும், அது காஞ்சதும் திரும்பத் தேய்ங்க. துவாரம் முழுக்க மூடுன பிறகு மெல்லிசு மெல்லிசா மேல் பூச்சு. ஸ்டாக் உள்பக்கம், பேரல் பள்ளம், பேட் மாட்டுறதுக்கு முன்னாடி பட் முனை, குடைஞ்ச துளை, எல்லா எடத்துக்கும் எண்ணெய் போகணும், வெளிய மட்டும் பூசி உள்ள விட்டா ஈரம் அந்த வழியா ஏறும்.

சான்அன்டோனியோ_காரன்:

பழைய ஸ்டாக்கக் கழட்டிப் பாத்தேன் அண்ணே, டேங் பின்னால நீங்க சொன்ன அதே தடம், விரிசல் சரியா அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது. மினரல் ஸ்பிரிட்ஸும் தொடச்சுப் பாத்துட்டேன், கிரிப்ல கோடு எதுவும் நிக்கல. பலகைங்க ரெண்டையும் ஷெட்ல குறுக்குக் கட்டை குடுத்து அடுக்கி, மேல கனம் வச்சாச்சு, முதல் எடையும் பலகை மேலயே பென்சில்ல எழுதிட்டேன். காஞ்சதும் போட்டோவோட வரேன்.